ஆம்பூர்க் காற்றில் ஐம்பதாயிரம் மணி நேரம்

ஆம்பூரின் பழைய டேனரிகளில் தோலை நிறமும் தரமும் பார்த்துப் பிரிக்கிற, அதாவது அசார்ட் செய்கிற மேசை வடக்கு ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கும். வடக்கு வெளிச்சத்தில் நேர் வெயில் விழாது, காலையில் ஒரு நிறம் மாலையில் ஒரு நிறம் என்று கண்ணை ஏமாற்றாது என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த விதி. ஆனால் ஆம்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 12.8 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் இங்கே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். வருஷத்தில் நாலு மாதம் அந்த விதி செல்லாது. விதி சொன்னவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் ஊரில் அது சரி.

இப்போது அந்த மேசைக்கு மேல் எல்இடி பேனல் தொங்குகிறது. ஷூவின் இடது காலும் வலது காலும் ஒரே பழுப்பாக இருந்தாக வேண்டும். விளக்கு மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளித்தால் கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, கண்ணும் கூடவே பழகிவிடும். ஷேடு மாறிய விஷயம் வாங்கியவர் பெட்டியைப் பிரித்த பிறகுதான் வெளிவரும்.

அந்தப் பேனல் வந்த அட்டைப் பெட்டியில் ஆயுள் 50,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். இரவு பகல் அணைக்காமல் எரித்தாலும் அது 5 வருஷம் 8 மாதம். இன்று விற்கிற மாடல் அத்தனை வருஷத்துக்கு முன்னால் பிறந்தே இருக்காது. பிறகு யார் காத்திருந்து எண்ணினார்கள்?

யாரும் முழுசாக எண்ணவில்லை. அமெரிக்க ஒளியூட்டல் பொறியியல் சங்கம் 2008-இல் எல்எம்-80 என்ற சோதனை முறையை வெளியிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் ஐஎஸ் 16105 என்ற பெயரில் அதே வழியில் போனது. முறை எளிது, பொறுமைதான் வேண்டும். எல்இடிகளைச் சூட்டுப் பெட்டிக்குள் வரிசையாகப் பொருத்துகிறார்கள். 2008 பதிப்பின்படி அவற்றின் உடல் வெப்பம் ஒரு கூட்டத்துக்கு 55 டிகிரி, இன்னொன்றுக்கு 85, மூன்றாவதற்குத் தயாரிப்பாளர் விருப்பம். ஆயிரம் மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து, 25 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒளியை அளக்கிறார்கள். குறைந்தது 6,000 மணி, அதாவது 250 நாள். 10,000 வரை ஓட்டினால் இன்னும் நல்லது.

மீதியெல்லாம் கணக்கு. 2011-இல் வந்த டிஎம்-21 என்ற முறைப்படி, ஒளி குறைகிற வேகத்தை ஒரு வளைகோட்டில் பொருத்தி அதை முன்னோக்கி நீட்டுகிறார்கள். 20 எல்இடிக்குக் குறையாமல் சோதித்திருந்தாலும், ஓட்டிய நேரத்துக்கு ஆறு மடங்குக்கு மேல் நீட்டக் கூடாது. 6,000 மணி ஓட்டியவர் 36,000 வரைதான் வாய் திறக்கலாம். 50,000 என்று அச்சடிக்க 8,300 மணிக்கு மேல் ஓட்டியிருக்க வேண்டும். மின்சாமான் கடையில் அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்ததும் இந்த ஆறால் வகுக்கும் கணக்கு எனக்குத் தானாக ஓடும். கடைக்காரரிடம் சோதனை அறிக்கை கேட்டால் சிரிப்பார், அது வேறு விஷயம்.

இந்தக் கணக்கில் "ஆயுள் முடிந்தது" என்றால் விளக்கு அணைந்தது என்று அர்த்தம் இல்லை. ஒளி, தொடக்கத்தில் இருந்ததில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். எல்இடியின் இரு முனைக்கும் நடுவே நிற்கும் வோல்டேஜ் எப்படி மாறினாலும் எல்எம்-80 அதற்கு எல்லை எதுவும் வகுப்பதில்லை. பல அறிக்கைகளில் அது ஓரத்துக் கட்டத்தில் கிடக்கும் எண். என்னைக் கேட்டால், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஒரு வாட் எல்இடியின் உயிர், ஏறத்தாழ ஒரு சதுர மில்லிமீட்டர் சில்லில் இருக்கிறது. அதன் வழியே 350 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதன் இரு முனைக்கும் நடுவே 3 வோல்ட் அளவில் நிற்கும். செலவாகும் ஒரு வாட்டில் பாதிக்கு மேல் வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் விழுகிறது. சில்லில் அதே பரப்புக்கு 50 வாட்டுக்கு மேல். விளக்கின் முதுகில் துடுப்புத் துடுப்பாக அலுமினியம் இருப்பதன் காரணம் இதுதான். அந்த வெப்பம் வெளியேறும் பாதை ஒரு நாள் அடைத்தால் போதும், சில் பிழைக்காது.

எல்இடிக்கு வோல்டேஜைக் கொடுத்துவிட்டு மின்னோட்டம் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டரை வோல்ட் வரை அநேகமாக ஒன்றும் ஓடாது. அதற்குமேல் வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் ஓட்டம் எகிறும். இன்னொரு விபரீதம், சூடு ஏற ஏற அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் வோல்டேஜ் குறைகிறது, டிகிரிக்கு 2 மில்லிவோல்ட், சிலவற்றில் இன்னும் அதிகம். சில் 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால் 120 மில்லிவோல்ட் இறங்கும். வோல்டேஜை மாற்றாமல் பிடித்து வைத்திருந்தால், 350 ஓட வேண்டிய இடத்தில் 470 மில்லி ஆம்பியர் வரை ஓடலாம். அது இன்னும் சூடாக்கும், சூடு இன்னும் இழுக்கும். அதனால்தான் எல்இடிக்கு மின்சாரம் ஊட்டும் நல்ல ட்ரைவர் மின்னோட்டத்தைப் பிடித்துக்கொண்டு வோல்டேஜை அதன் போக்கில் விடுகிறது. அப்படி விடப்பட்ட வோல்டேஜ்தான் சில்லின் உள்ளே நடப்பதைச் சொல்லும். அது வெப்பமானியும் கூட.

அதை அளப்பதில் சிக்கல் இருக்கிறது. வேலை மேசையில் ஒரு மீட்டர் மெல்லிய ஒயர் வழியாக எல்இடியை இணைத்து, ஒயரின் இந்த முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து அளந்தால் என்ன ஆகும்? அந்த ஒயருக்கு 0.1 ஓம் அளவில் தடை உண்டு. 350 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதில் மட்டும் 35 மில்லிவோல்ட் விழும். ஆயிரக்கணக்கான மணி எரிந்த எல்இடியில் நாம் தேடுகிற மாற்றமே சில பத்து மில்லிவோல்ட்தான். ஒயரின் தடையை அளந்துவிட்டு எல்இடிக்கு வயசாகிவிட்டது என்று எழுதி வைப்போம். ஆகவே நாலு ஒயர் வேண்டும். இரண்டு மின்னோட்டம் கொண்டுபோக, இரண்டு எல்இடியின் காலிலேயே தனியாகப் பற்றவைத்து வோல்டேஜ் அளக்க. பின்னவற்றில் மின்னோட்டம் ஓடாததால் அவற்றின் தடை கணக்கில் வராது. அளக்கும் நேரமும் 10, 20 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் நீட்டினால் சில் சூடாகி வோல்டேஜ் இறங்க ஆரம்பித்துவிடும். அறையும் ஒவ்வொரு முறையும் அதே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஐந்து டிகிரி வித்தியாசம் 10 மில்லிவோல்ட்டைத் தின்றுவிடும்.

இத்தனை கவனத்தோடு, ஒரே மின்னோட்டத்தில் அளந்து நிறுத்தாமல், நானோ ஆம்பியரிலிருந்து முழு ஓட்டம் வரை மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போய் முழு வளைகோட்டையும் வரைந்தால் முதுமை இரண்டு முனைகளில் இரண்டு விதமாகத் தெரியும்.

வலது முனை, அதாவது முழு ஓட்டம் ஓடும் இடம். இங்கே வருஷம் போகப் போக வோல்டேஜ் மெல்ல ஏறினால், சில்லுக்கும் அதன் உலோகத் தொடுமுனைக்கும் இடையே தடை கூடுகிறது என்று அர்த்தம். சில்லின் பொருளான கேலியம் நைட்ரைடின் நேர்மின் அடுக்கில் மெக்னீசியம் கலந்திருப்பார்கள். அந்த அடுக்கில் நல்ல உலோகத் தொடுப்பு அமைப்பது தொடக்கத்திலிருந்தே தலைவலி. வெப்பத்தில் அந்தத் தொடுப்பு கெட்டால் மின்னோட்டம் சில்லின் பரப்பு முழுக்கப் பரவாமல் ஒரு பக்கமாக நெரிகிறது. நெரிந்த இடம் மேலும் சூடாகும்.

இடது முனையில் கதை நுட்பமானது. 2 வோல்ட்டில் நல்ல எல்இடி அநேகமாக ஒன்றும் கடத்தாது. வயசானது கசியும். வெள்ளை விளக்குக்குள்ளும் இருக்கும் நீல எல்இடியின் சில் பளிங்குபோலக் குறையற்ற படிகம் இல்லை. நீலக்கல் தட்டின் மேல் வளர்த்த கேலியம் நைட்ரைடில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி என்ற அளவில் அணுவரிசைப் பிசகுகள் இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் சில்லில் பத்து லட்சம். இத்தனை ஓட்டை உடைசலோடு இது எரிவதே அதிசயம் என்று 1990-களில் பலர் வியந்தார்கள். 2014-இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்த அதிசயத்துக்குத்தான். ஆனால் அந்தப் பிசகுகள் உள்ளேயே இருக்கின்றன. ஆயிரக்கணக்கான மணி ஓட்டத்தில் புதிய குறைகளும் சேர, ஒளி தராமல் நழுவும் மின்னோட்டத்துக்குச் சந்துகள் திறக்கின்றன.

சந்து வழியே 100 மைக்ரோ ஆம்பியர் நழுவுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 350 மில்லி ஆம்பியரில் அது 0.03 சதவீதம், எந்த ஒளிமானியும் கண்டுபிடிக்காது. ஓட்டத்தை அரை மில்லி ஆம்பியருக்கு இறக்கினால் அதே கசிவு 20 சதவீதம். முழு வெளிச்சத்தில் புதுசு மாதிரி எரியும் எல்இடி, மங்கலாக எரியவிட்டால் தன் வயசைச் சொல்லிவிடும். இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகக் குழு இந்த வகைத் தளர்ச்சியைத்தான் பல வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் ஓர் எச்சரிக்கை. எதிர்த்திசையில் 5 வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கலாம் என்று புத்தகங்களில் இருக்கும். உயர்திறன் எல்இடிகள் பலவற்றில் நிலைமின் அடியிலிருந்து காக்க உள்ளேயே எதிர்முகமாக ஒரு டயோடு வைத்திருப்பார்கள். எதிர்த்திசையில் அளந்தால் அந்தக் காவல்காரனைத்தான் அளப்போம்.

மின்சாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசிவரை தெரியாத ஒரு நோயும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்ற டேனரி ஊர்களின் வரிசையில் அதுதான் முக்கியம்.

பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்து டிரம்மில் சுற்றுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில், பிஎச் 12 அளவில், சல்பைடு கரைசலிலேயே அடங்கியிருக்கும். பின்னால் தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் கட்டத்தில் கந்தக அமிலம் வருகிறது. இரண்டு கழிவும் எங்கேயாவது கலந்து காரம் இறங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றில்லாமல் தேங்கிய கழிவுச் சேற்றில் நுண்ணுயிர்களே சல்பேட்டைத் தின்று அந்த வாயுவை விடும். டேனரிக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக்கியது. சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமல் டேனரி ஓடாது என்ற நிலை வந்தது. பாலாற்றுக்கு அதனால் எவ்வளவு நன்மை என்பது தனி அத்தியாயம். ஆனால் வாயு போகவில்லை. தொட்டிக்குள் இறங்கியவர்கள் மயங்கிச் செத்த செய்தி இந்தப் பக்கத்தில் புதிதல்ல.

ஆளைக் கொல்லும் அளவு வேண்டாம், நூறு கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளிக்கு மூக்கு தேவையில்லை, அதைவிடக் குறைந்த அளவிலும் ஈரம் இருந்தால் கறுக்கும். கொலுசைக் கறுப்பாக்கும் வெள்ளி சல்பைடேதான் விளக்குக்குள்ளும் உருவாகிறது. விலை குறைந்த, நடுத்தரத் திறன் கொண்ட எல்இடிகளில் சில் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தின் அடியில் வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள், பக்கவாட்டில் போகும் ஒளியை மேலே திருப்பிவிட. அதன் மேல் சிலிக்கோன் மூடி. முன்பு எபாக்சி ஊற்றினார்கள். நீல ஒளி பட்டு அது மஞ்சளித்ததால் சிலிக்கோனுக்கு மாறினார்கள். சிலிக்கோன் ஒளிக்கும் வெப்பத்துக்கும் அசையாது, ஆனால் வாயுக்களை உள்ளே விட்டுவிடும். ஒரு நோய்க்குப் பார்த்த வைத்தியம் இன்னொன்றுக்கு வாசல் திறந்த கதை.

கிண்ணம் கறுத்தால் ஒளி விழும், நிறமும் பிசகும். சில்லுக்கோ ஒன்றும் ஆகவில்லை. 3 வோல்ட் 3 வோல்ட்டாகவே நிற்கும், இடது முனையில் கசிவும் இல்லை. இங்கேதான் இரண்டு அளவையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதன் பலன். ஒளி விழுந்து வளைகோடும் மாறியிருந்தால் சில் கிழடாகிறது. ஒளி விழுந்து வளைகோடு அப்படியே இருந்தால் குற்றவாளி உறையில்தான் இருக்கிறான், அநேகமாகக் காற்றிலிருந்து வந்தவன். எல்எம்-80 பெட்டியில் இந்தக் குற்றவாளி மாட்டவே மாட்டான். அங்கே காற்று சுத்தம், ஈரப்பதமும் 65 சதவீதத்துக்குக் கீழே.

கார் உற்பத்தியாளர்கள் இதை நம்பிக்கையில் விடவில்லை. ஏஇசி-க்யூ102 என்ற அவர்களது தகுதிச் சோதனையில் ஹைட்ரஜன் சல்பைடு தனி அங்கம். 40 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம், பத்து லட்சத்தில் 15 பங்கு வாயு, தொடர்ந்து 336 மணி நேரம். முகப்பு விளக்குக்குக் கிடைக்கும் இந்த மரியாதை கழிவுநீர்த் தொட்டி ஓரத்துத் தெருவிளக்குக்கு ஏன் கிடைக்கவில்லை என்று டெண்டர் எழுதுகிறவர்களைக் கேட்கலாம். பீங்கான் அடித்தளமும் தங்க முலாமும் கொண்ட உயர்திறன் எல்இடி இந்தக் காற்றைத் தாங்கும். விலை கூடுதல்தான்.

ஷூ தொழிற்சாலைக்குள் சல்பைடு இருக்காது, அங்கே எதிரி சொல்யூஷன். அடி ஒட்டும் பசையிலிருந்து கிளம்பும் கரைப்பான் ஆவி காற்றோட்டமில்லாத விளக்குக்குள் புகுந்தால் சிலிக்கோனுக்குள் ஊறும். நீல ஒளியும் வெப்பமும் சேர்ந்து அதைப் பழுப்பாக்கும். வேடிக்கை என்னவென்றால், விளக்கைத் திறந்து காற்றாட எரியவிட்டால் பல நேரம் அந்தப் பழுப்பு தானே போய்விடும். வெள்ளி கறுத்தால் அப்படித் திரும்பாது.

ட்ரைவரைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க எரிசக்தித் துறை நடத்திய எல் பிரைஸ் போட்டியில் 2011-இல் பிலிப்ஸ் பல்பு வென்றது. அதற்காக 200 பல்புகளை 45 டிகிரிச் சூட்டில் இரவு பகலாக எரித்துப் பார்த்தார்கள். கத்திரி வெயிலில் வேலூர்க்காரர் அந்த எண்ணைப் பார்த்து அசரமாட்டார். பல்புகள் பிரமாதமாகத் தாங்கின. அதே துறைக்காக 2013-இல் விளக்குகளைக் கொதிக்கவைத்தும் உறையவைத்தும் வதைத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் எல்இடிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன, முதலில் விழுந்தது ட்ரைவர். அதிலுள்ள மின்பகுளிக் கெபாசிட்டரின் ஆயுள், பத்து டிகிரி ஏறினால் பாதியாகும். தகரக் கூரைக்கு அடியில், ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் மாறி மாறி அடிபடும் ட்ரைவருக்கு 50,000 மணி என்பது பெரும் ஆசை.

ஆம்பூரில் ஒரு நீண்டகாலச் சோதனை வைக்கப் பெரிய கூடம் தேவையில்லை. 6,000 மணி என்பது 250 நாள், ஒரு கல்வியாண்டுக்குள் அடங்கும். வேலூரில் விஐடி இருக்கிறது, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஒரே தொகுப்பில் வாங்கிய எல்இடிகளை மூன்று பங்காக்கி ஒன்றை முடி நீக்கும் லைம் யார்டின் கூரைக்கடியிலும், ஒன்றை அடி ஒட்டும் வரிசைக்கு மேலும், ஒன்றைக் கல்லூரி ஆய்வறையிலும் ஒரே மின்னோட்டத்தில் எரியவிடலாம். ஒவ்வோர் இடத்திலும் எரியாத எல்இடிகள் சிலவற்றையும் வைக்க வேண்டும். கறுப்பு காற்றால் வந்ததா, எரிந்ததால் வந்ததா என்பதை அவைதான் பிரித்துச் சொல்லும். பக்கத்திலேயே சுத்தமான வெள்ளித் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை எடுத்துப் படலத்தின் கனத்தைப் பார்க்கலாம். மின்னணுச் சாதனங்கள் வைக்கும் இடத்துக் காற்றைத் தரம்பிரிக்கும் ஐஎஸ்ஏ 71.04 தரநிலையில், வெள்ளியில் மாதம் 20 நானோமீட்டருக்குக் கீழே படிந்தால்தான் அரிப்பு பற்றிக் கவலை வேண்டாத இடம். ஆயிரம் மணிக்கு ஒருமுறை ஒளி, நிறம், முழு ஓட்டத்தில் வோல்டேஜ், 2 வோல்ட்டில் கசிவு என்று நாலு எண்ணும் நோட்டில் ஏற வேண்டும்.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் விட்டு வைப்பது நல்லது. வெள்ளியை வாயு தின்றுகொண்டே போனால் ஒரு நாள் சில்லுக்கு மின்னோட்டம் கொண்டுபோகும் தங்கக் கம்பி பதிந்திருக்கும் இடத்தின் அடியும் அரிக்கப்படும். அதுவரை அசையாமல் இருந்த வோல்டேஜ் அன்று குதிக்கும், சூட்டில் மட்டும். விளக்கு எரிந்து சூடானதும் உலோகம் விரிந்து தொடுப்பு விடும், அணையும். ஆறினதும் தொடுப்பு ஒட்டும், எரியும். எல்இடிகள் ஒரே தொடராக இருப்பதால் ஒன்று விட்டால் அந்த வரிசை மொத்தமும் போய்விடும். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் சில நிமிஷத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும் கம்பத்தைப் பார்த்தால் லைனில் கோளாறு என்று நினைப்போம். ஆள் ஏறிக் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதற்குள் அது ஆறிவிடும். மல்டிமீட்டரை வைத்தால் 3 வோல்ட் காட்டும், நல்ல விளக்கு என்று திரும்ப மாட்டிவிடுவார்கள். அந்த ஐந்தாவது கட்டத்தில் எழுத வேண்டியது, எரிய ஆரம்பித்த எத்தனையாவது நிமிஷத்தில் அணைந்தது என்பது.